கடல் தெரியும் இடம்தான் நல்ல இடமா? ஓரிகன் ஆர்.வி. பயணம் குறித்து ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் கோடை விடுமுறையின்போது ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாவற்றையும் ஒரு வண்டிக்குள் அடக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் அந்தப் பயணத்தின் சுகத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் “எப்பாடுபட்டாவது கடலைப் பார்த்த இடத்தையே பிடியுங்கள், கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் உள்நாட்டு முகாம்களில் நாள்களைக் கழிக்காதீர்கள்” என்ற பொருளில் அவர் கூறியிருக்கும் அறிவுரையை மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த மாநிலத்தில் வசிப்பவன், பல கோடைகளில் இதே சாலைகளில் வண்டி ஓட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஜூன், ஜூலையில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர்கள் தங்கள் நாளிதழின் வாசகர்களில் ஏராளம். அவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அந்த அறிவுரையை அப்படியே கைக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டறிந்தவன்.

எங்கள் முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். கடலுக்கு நேர் எதிரே, இடையில் ஒரு புதர்கூட இல்லாத தனியார் ஆர்.வி. பூங்கா ஒன்றில் மூன்று இரவுகளுக்கு இடம் பிடித்தேன். வாடகைக்கு எடுத்த வண்டி. என் பெற்றோர், மனைவி, இரண்டு பிள்ளைகள். முதல் நாள் காலை பனிமூட்டம் கடலை முழுவதுமாக மறைத்திருந்தது. பதினொரு மணிக்கு மேல் மூட்டம் விலகியது; எல்லோருக்கும் மகிழ்ச்சி. வண்டியின் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் வெயில் மறைப்புத் துணியை விரித்து, கீழே நாற்காலிகளைப் போட்டோம். இரண்டு மணிக்குக் காற்று தொடங்கியது. மூன்று மணிக்கு அந்தத் துணி பாய்மரம்போல் உப்பி மேலே எழும்பி, அதைத் தாங்கும் அலுமினியக் கை ஒன்று முழங்கைபோல மடங்கிவிட்டது. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது முன்பணத்திலிருந்து அதற்கான தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அது போகட்டும். மீதி இரண்டு நாளும் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்ப்பதற்கென்றே கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய இடத்தின் சன்னல் கண்ணாடியில் உப்பு நீர்த்துளிகள் படிந்து காய்ந்து, வெளியே வெள்ளையாக ஏதோ அசைகிறது என்பதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. ஈரத்துணியால் துடைத்தால் அரை மணி நேரம் தெளிவாக இருக்கும். பிறகு பழைய கதைதான்.

இதை எங்கள் கெட்ட நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. கோடையில் அந்தக் கடற்கரையின் இயல்பே அதுதான். வடக்கிலிருந்து வீசும் காற்று கடலின் மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதனால் ஜூலை மாதத்திலும் கரையோர நீர் பெரும்பாலும் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் முழங்கால் வரை நனைத்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வருவார்கள். அந்தக் குளிர்ந்த நீரின்மேல் படரும் காற்றிலுள்ள ஈரம் மூட்டமாகத் திரள்கிறது. அதே நேரத்தில், கடலோர மலைத்தொடருக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்குகள் வெயிலில் கொதித்து, அங்குள்ள காற்று மேலெழும்ப, கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பிற்பகல் காற்றுக்கு இதுவே பெரும் காரணம். உள்நாட்டில் வெயில் எவ்வளவு கடுமையோ, கடற்கரையில் காற்றும் பல நாள்களில் அவ்வளவு கடுமையாக இருக்கும். ரோக் பள்ளத்தாக்கிலுள்ள மெட்ஃபோர்டில் ஜூலை மாதம் 32, 33 டிகிரி என்பது சாதாரணம். 38-ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. அதே நாளில் கடற்கரை ஊர்களில் 16, 17 டிகிரிதான் இருக்கும். தென்கோடியில் உள்ள புரூக்கிங்ஸ் மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு. கீழ்நோக்கி இறங்கும் உள்நாட்டுக் காற்றால் சில நாள்களில் அங்கே மட்டும் வெப்பம் திடீரென்று ஏறிவிடும். பொதுவாகச் சொன்னால், காற்றும் மூட்டமும் தணிந்த கடற்கரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் செப்டம்பரில் போவது நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது நடக்காது என்பதையும் அறிவேன்.

இந்த மாநிலத்தின் பழைய அரசு முகாம்களை அமைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஓரிகன் கடற்கரையின் புகழ்பெற்ற மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலான முகாம் இடங்களிலிருந்து கடல் தெரியாது. கரையை ஒட்டிய மணல்மேட்டுக்குப் பின்னாலோ, காற்றில் வளைந்து அடர்ந்த பைன் மரங்களுக்கு நடுவிலோ, ஓர் ஓடைக்கரையிலோதான் வண்டி நிறுத்தும் இடங்கள் இருக்கும். நியூபோர்ட்டுக்கு வடக்கே உள்ள பெவர்லி பீச் பூங்காவில் முகாம், 101-ஆம் நெடுஞ்சாலையின் நிலப்பக்கத்தில், மரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு நடைபாதை செல்கிறது. அதற்குள் நுழையும்வரை ஓடைச் சத்தமும் பறவைச் சத்தமும்தான். மறுமுனையில் வெளியே கால் வைத்தவுடன் முகத்தில் அறைவதுபோல் காற்றும் அலையோசையும் வந்து மோதும். என் தந்தை அந்த நடைபாதையின் வாயிலில் நின்று ஓர் அடி முன்னே வைப்பார், ஓர் அடி பின்னே வைப்பார்; கதவைத் திறந்து மூடுவதுபோல் இருக்கிறது என்று சிரிப்பார். கடலைப் பார்க்க ஐந்து நிமிட நடை. இரவில் தூங்க அமைதியான காடு. கட்டுரையாளர் இப்படிப்பட்ட இடங்களைக் “கடல் காட்சி இல்லாதவை” என்று ஒரே சொல்லில் ஒதுக்கியதுதான் என்னை எழுதவைத்தது.

இன்னொரு செய்தியையும் அவர் குறிப்பிடாமல் விட்டுவிட்டார். ஓரிகனில் கடற்கரை எவருடைய தனிச்சொத்தும் அல்ல. ஈர மணற்பரப்பு 1913-லேயே பொது நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டது. 1967-இல் இயற்றப்பட்ட சட்டம் அந்த உரிமையைச் செடிகொடிகள் தொடங்கும் எல்லை வரையுள்ள உலர்ந்த மணலுக்கும் நீட்டியது. ஏறத்தாழ 363 மைல், அதாவது 584 கிலோமீட்டர் நீளக் கடற்கரையில் பொதுவழி இருக்கும் எந்த இடத்திலும் யாரும் இறங்கி நடக்கலாம். ஆகவே கடலுக்கு எதிரில் இரவு தங்குகிறவருக்கும் ஒரு மைல் உள்ளே தங்குகிறவருக்கும் பகலில் கிடைக்கும் கடல் ஒன்றேதான். கூடுதல் பணம் எதற்காக என்று ஒருமுறை யோசிப்பது நல்லது. சன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, வால்ட்போர்ட்டுக்கும் யாஹட்ஸுக்கும் இடையே தேசியக் காட்டுத்துறையின் டில்லிகம் பீச் முகாமில் அப்படிச் சில இடங்கள் உண்டு; புரூக்கிங்ஸில் உள்ள ஹாரிஸ் பீச் பூங்காவிலும் உண்டு. ஒரு இரவுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். வெயில் மறைப்பை மட்டும் விரிக்காதீர்கள்.

கடலுக்கும் உள்நாட்டுக்கும் நடுவில் நிற்கும் ஓர் இடம் உண்டென்றால், அது புளோரன்ஸுக்குத் தெற்கே மூன்று மைல் தொலைவில் உள்ள ஹனிமன் பூங்காதான். அங்கிருந்து கடல் சுமார் இரண்டு மைல் தள்ளி இருக்கிறது. இடையில் முழுவதும் மணற்குன்றுகள். அவற்றில் ஒரு குன்று நேராகச் சரிந்து கிளியாவாக்ஸ் என்ற நன்னீர் ஏரிக்குள் இறங்குகிறது. கடல் நீரைப்போல் எலும்பைக் குத்தாத நீர். பிள்ளைகள் மணலில் உருண்டு நேராகத் தண்ணீரில் விழுகிறார்கள், ஏறி வந்து மறுபடி உருள்கிறார்கள். மூன்று மணிக்குக் கடற்கரையில் நிற்கவே முடியாத நாளில்கூட இங்கே மரங்களுக்கு நடுவே அடுப்பு பற்றவைத்துத் தேநீர் போடலாம். குறை ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன்: 1972-இல் அமைக்கப்பட்ட ஓரிகன் மணற்குன்றுகள் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி சுமார் 40 மைல் நீளத்துக்குக் கூஸ் பே வரை பரந்திருக்கிறது, அதன் சில பகுதிகளில் மணற்குன்றுகளில் ஏறி இறங்கும் பொழுதுபோக்கு வண்டிகள் ஓட அனுமதி உண்டு. காற்று திரும்பும்போது அந்த இரைச்சல் காதில் விழும்.

வடகோடியில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஃபோர்ட் ஸ்டீவன்ஸும் கடலைக் காட்டாத முகாம்தான். 1906 அக்டோபரில் தரைதட்டிய பீட்டர் அயர்டேல் என்ற கப்பலின் இரும்பு விலா எலும்புகள் இன்னும் அந்தக் கடற்கரை மணலில் நிற்கின்றன. முகாமிலிருந்து மிதிவண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மிகப் பெரிய முகாம் என்பதால் மற்ற இடங்கள் நிறைந்த பிறகும் இங்கே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி உள்நாடு. கட்டுரையாளர் அதை ஏன் வெறுக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அவர் ஆகஸ்ட் நடுவில், நிழலே இல்லாத ஓர் இடத்தில், மின் இணைப்பு இல்லாமல் தங்கியிருக்கிறார். அவரே அப்படி எழுதியிருக்கிறார். அது இடத்தின் குற்றமன்று. தேர்ந்தெடுத்த முறையின் குற்றம். கடற்கரையில் நாம் தேட வேண்டியது காற்றுக்கு மறைப்பு. உள்நாட்டில் தேட வேண்டியது நிழல், மின்சாரம், உயரம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு. கடற்கரையில் குளிர்சாதனம் தேவைப்படாது. ஆகவே மின் இணைப்பு இல்லாத, விலை குறைந்த இடத்தில் ஓரிரு இரவுகள் வண்டியின் மின்கலத்தை நம்பியே சமாளிக்கலாம். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, மலைக்கு அப்பால் மின் இணைப்புள்ள இடத்துக்குக் கொடுப்பதே கணக்கறிந்த செயல். பெரும்பாலான வாடகை வண்டிகளில் 30 ஆம்பியர் இணைப்பே இருக்கும். 120 வோல்ட் மின்சாரத்தில் அது 3,600 வாட். கூரைக் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்ரோவேவையும் மின்கெண்டியையும் போட்டால் மின்சுமை மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் பட்டென்று விழுந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் மிக்சியையும் கொண்டு வருவார்கள். குளிர்சாதனத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுச் சட்னி அரைக்கச் சொல்லுங்கள்.

நிழலுக்கு எடுத்துக்காட்டு, ஓரிகனில் உள்ள சேலம் நகருக்குக் கிழக்கே உள்ள சில்வர் ஃபால்ஸ் பூங்கா. உயர்ந்த டக்ளஸ் ஃபிர் மரங்களுக்குக் கீழே மின் இணைப்புள்ள இடங்கள். அருகிலேயே பத்து அருவிகளை இணைக்கும் 7.2 மைல் நடைபாதை. 177 அடி உயரத்திலிருந்து விழும் தெற்கு அருவிக்குப் பின்னாலேயே பாறைக்குடைவு வழியாக நடந்து போகலாம். நீர்த்திரைக்கு உள்ளேயிருந்து காட்டைப் பார்க்கும்போது, கடல் காட்சிக்காக நான் கொடுத்த பணம் நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். முழு நடை முடியாத முதியவர்கள் தெற்கு அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இறங்குவது எளிது, ஏறுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

நிழல் குறைவு, மின்சாரம் உண்டு என்ற வகைக்குக் கோவ் பாலிசேட்ஸ். பெண்ட் நகருக்கு வடக்கே, டெஷூட்ஸ், குரூக்கட், மெட்டோலியஸ் ஆகிய மூன்று ஆறுகள் கூடும் பில்லி சினூக் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில், கரும்பாறைச் சுவர்களுக்கு இடையே இருக்கிறது. கடற்கரையிலிருந்து வருகிறவருக்கு வேற்றுக் கோளுக்கு வந்ததுபோல் இருக்கும்: ஈரம் இல்லை, மூட்டம் இல்லை, தேவதாரு வாசனைக்குப் பதிலாக உலர்ந்த புதர்களின் வாசனை. பகலில் வெயில் கடுமைதான். ஆனால் இந்த உயர்நிலத்தில் சூரியன் மறைந்த பிறகு காற்று விரைவாகக் குளிர்ந்துவிடும், பத்து மணிக்குப் போர்வை தேவைப்படும். பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு முகாம், கீழே ஒரு முகாம் என இரண்டு உண்டு. கீழே இறங்கும் சாலை செங்குத்தானது, வளைவுகள் நிறைந்தது. பெரிய வண்டியை முதன்முறை ஓட்டுகிறவர்கள் மேலே உள்ளதைத் தேர்ந்தெடுக்கட்டும். உயரத்துக்குக் கிரேட்டர் லேக்: சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து உள்ளே சரிந்து உருவான, 1,943 அடி ஆழமுள்ள ஏரி. அதன் மசாமா முகாம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பதால் ஜூனிலும் பனி கிடக்கும். பகல் வெயில் சுகமாக இருக்கும். ஆனால் பனி உருகி முடியும் வாரங்களில் அந்த வட்டார ஏரிக்கரைகளில் கொசு மொய்க்கும். நம் ஊர்க் கொசுவுக்குப் பழகியவர்களும் அசந்துபோவார்கள்.

கடலோரமா உள்நாடா என்ற கேள்வியே தவறு என்பதுதான் என் கட்சி. இரண்டையும் ஒரே பயணத்தில் வைக்க வேண்டும். ஆனால் தினமும் இடம் மாற்றக் கூடாது. கட்டுரையில் ஒன்பது நாளில் எட்டு முகாம்கள் போடப்பட்டிருந்தன. ஆர்.வி.யில் இடம் மாறுவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி மாறுவதுபோல் அன்று. பாத்திரங்களைக் கட்ட வேண்டும், அலமாரிகளைப் பூட்ட வேண்டும், மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் கழற்ற வேண்டும், கழிவுநீரை அதற்கென்று உள்ள இடத்தில் போய் வரிசையில் நின்று கொட்ட வேண்டும், புதிய இடத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டைகளை வைத்து வண்டியைச் சமப்படுத்த வேண்டும். போவதற்கும் வருவதற்குமாக இரண்டு மணி நேரம் இதிலேயே போய்விடும். முதியவர்களும் பிள்ளைகளும் அதுவரை வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். வண்டியும் ஒரு கேலனுக்கு எட்டு முதல் பத்து மைல்தான் ஓடும்.

அதற்குப் பதிலாக நாங்கள் சென்ற சுற்றுவழியைச் சொல்கிறேன். ஹனிமனில் மூன்று இரவுகள். அங்கிருந்து 126-ஆம் சாலையில் யூஜீன் வந்து, மெக்கென்ஸி ஆற்றின் ஓரமாகவே ஏறி, சாண்டியம் கணவாய் வழியாகப் பெண்ட் பகுதிக்கு வந்து மூன்று இரவுகள். வழியில் 242-ஆம் சாலை குறுக்கு வழியாகத் தோன்றும், வரைபடமும் அதைக் காட்டும். எரிமலைக் குழம்பு உறைந்த வெளிகளுக்கு நடுவே செல்லும் அந்தச் சாலையில் 35 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை, அதற்குக் குறைந்த வண்டிக்கும் அதன் கொண்டை ஊசி வளைவுகள் சோதனைதான். அதன்பின் கிரேட்டர் லேக்கில் இரண்டு இரவுகள். பிறகு ரோஸ்பர்க் வழியாகக் கீழே இறங்கி, 38-ஆம் சாலையில் அம்ப்குவா ஆற்றைத் தொடர்ந்து ரீட்ஸ்போர்ட். அந்த ஊருக்குச் சற்று முன்னால் டீன் கிரீக் என்ற இடத்தில் சாலையோரப் புல்வெளியில் எல்க் மான்கள் கூட்டமாக மேய்வதை வண்டியிலிருந்தபடியே பார்க்கலாம். மறுபடியும் கடல். பத்து நாளில் நான்கே இடங்கள். ஒவ்வொரு முறையும் மலையைத் தாண்டும்போது தட்பவெப்பமே வேறாக மாறும். ஐந்து நாள் கொதித்த பிறகு பார்க்கும்போது, முதலில் அலுத்த அதே மூட்டம் எங்களுக்கு இனித்தது.

இடம் பிடிப்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வரிதான் இருந்தது. அதற்கு ஒரு பத்தி தேவை. மாநிலப் பூங்காக்களுக்கும் தேசியக் காட்டு முகாம்களுக்கும் முன்பதிவுத் தளங்கள் வெவ்வேறு. ஓரிகன் மாநிலப் பூங்காக்களில் தங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கிறது. ஜூலை சனிக்கிழமைக்கு ஜனவரியிலேயே உட்கார வேண்டும். ஆனால் ஞாயிறு இரவு தொடங்கி வியாழன் வரை என்று கேட்டால் கதவு பாதி திறந்தே இருக்கும். கடைசி இரண்டு வாரங்களில் ரத்தாகும் இடங்களும் ஏராளம். 2022 முதல் வெளிமாநிலத்தவர்கள் ஆர்.வி. இடங்களுக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். 62 வயதான முதியவர்களுக்கு வாழ்நாள் தேசியப் பூங்கா அட்டை 80 டாலருக்குக் கிடைக்கிறது, பல மத்திய அரசு முகாம்களில் அதைக் காட்டினால் கட்டணம் பாதி என்பது உண்மையே; ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் வயதைக் காட்டி அதை வாங்க முடியாது. மாநிலப் பூங்காக்களில் அது செல்லாது.

பதிவு செய்யும்போது படத்தைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் அது எத்தனை அடி என்று போட்டிருப்பார்கள். மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான்: கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள அப்பர் பைன்ஸ் முகாமில் 35 அடி வரைதான் ஆர்.வி.க்கு அனுமதி. மான்டானாவின் கிளேசியர் (பனியாறு) தேசியப் பூங்காவிலோ, மலையைக் கடக்கும் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டி போகவே கூடாது. அங்கே போய் நின்ற பிறகு திரும்பிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். வாடகை நிறுவனம் “28 அடி” என்று சொல்லும் வண்டிக்குப் பின்னால் மிதிவண்டித் தாங்கி இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். நுழைந்து நேராக வெளியேறும் இடமா, பின்புறமாக ஓட்டி நுழைக்க வேண்டிய இடமா என்பதும் பார்க்க வேண்டியது. இரவு ஒன்பது மணிக்கு, மழைத்தூறலில், பின்புறமாக வண்டியை நுழைத்துக்கொண்டிருக்கும்போது “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கைகாட்டுகிறவரை ஓட்டுகிறவர் பார்க்கவே முடியாது. வீட்டில் பல நாள் பேச்சு நின்றுபோக அதுவே போதும்.

ஆகஸ்டில் உள்நாட்டுக்குப் போகிறவர்கள் காட்டுத்தீயை மறக்கக் கூடாது. 2020 செப்டம்பரில் கிழக்குக் காற்று சீறியபோது சாண்டியம் பள்ளத்தாக்கில் டெட்ராய்ட் என்ற சிற்றூரின் பெரும்பகுதி எரிந்தது. அதே நாள்களில் கடற்கரையை ஒட்டிய ஓட்டிஸ் பகுதியிலும் வீடுகள் எரிந்தன. கடலோரம் என்றால் தீ வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. எனினும் உள்நாட்டில் புகை சூழும் நாள்களில் கடற்கரைதான் மூச்சுவிட இடம் தருகிறது. மேற்கே ஓடிவர ஓர் ஊரும் அங்கே தெரிந்த ஒரு முகாமும் கையில் இருக்கட்டும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். ஆஷ் என்னும் வகை மரங்களைத் துளைத்துக் கொல்லும் எமரால்டு வண்டு 2022-இல் ஓரிகனில் கண்டுபிடிக்கப்பட்டது, அது பரவும் வழிகளில் விறகும் ஒன்று. முகாமிலேயே விறகு விற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ஓரிகன் கடற்கரைக்கு அப்பால் கடலடியில் காஸ்கேடியா என்ற பெரும் நிலப்பிளவு இருக்கிறது. 1700 ஜனவரி 26 இரவு அது உடைந்தபோது எழுந்த ஆழிப்பேரலை ஜப்பான் வரை சென்று, அங்குள்ள பழைய பதிவேடுகளில் இடம்பெற்றது. அந்த நாள் தெரியவந்ததே அவற்றால்தான். கடலோர முகாம்கள் பலவும் அலை ஏறக்கூடிய தாழ்நிலத்தில்தான் உள்ளன. 2004-ஐ மறக்காத நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாலையோரம் நீலநிறப் பலகைகள் மேட்டுக்குச் செல்லும் வழியைக் காட்டும். நாங்கள் எந்தக் கடலோர முகாமுக்குப் போனாலும், வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டுவதற்கு முன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வழியில் மேடு வரை ஒருமுறை நடந்து பார்ப்பது வழக்கம். நிலம் வெகுநேரம் அதிர்ந்தால் எச்சரிக்கைக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. வண்டியை எடுக்க முயலாமல் நடந்தே ஏறிவிட வேண்டும். அன்றாட ஆபத்து ஒன்றும் உண்டு: மணலில் கிடக்கும் பெரிய மரத்துண்டுகளின்மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். எதிர்பாராமல் வரும் ஓர் அலை போதும், டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கட்டை உருண்டுவிடும்.

தாங்கள் இந்தத் தொடரின் அடுத்த பகுதியை வெளியிடும்போது, ஒவ்வொரு முகாமின் படத்துக்குக் கீழேயும் மூன்று விவரங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: வண்டி நிற்கும் இடத்தின் நீளம், மின் இணைப்பு உண்டா இல்லையா, படம் எடுக்கப்பட்டது எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு. காலை பதினொன்றரை மணிக்கு, மூட்டம் விலகிக் காற்று தொடங்குவதற்கு முந்தைய அந்த இடைவெளியில், நானும் அப்படி ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீலக் கடல், விரிந்த வெயில் மறைப்பு, கீழே ஐந்து நாற்காலிகள். அலுமினியக் கை அப்போது நேராகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓரிகன், அமெரிக்கா